மிளகு ஓட்டு

போடி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அத்தைக்கு,

தமிழினி எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் நன்றாக இருக்கிறோம். மேலே மழை விடவே இல்லை என்று பிரபா சொன்னான். உங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் ஒழுகும் இடத்துக்குத் தார்ப்பாய் வேண்டுமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். வேண்டுமென்றால் அவன் ஜீப்பிலேயே கொடுத்து விடுகிறோம்.

ஒரு செய்தி. நம் மேல்கரைக் கால்பந்துக் கழகத்துக்கு நான் செயலாளர் ஆகிவிட்டேன். நானாகக் கேட்கவில்லை. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். தலைவர் சின்னமுத்து அண்ணன், "எழுதத் தெரிஞ்ச ஆளா வேணும்யா. தவசி மக எப்பப் பாத்தாலும் புத்தகமும் கையுமாத்தான இருக்கு, அதைப் போடுங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். நன்றி சொல்ல எழுந்ததாக நினைத்து மறுபடியும் தட்டினார்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் செயலாளராக எழுதும் முதல் கடிதம், முறைப்படி எழுதிவிடுகிறேன். கழகத்தை நடத்திவந்த ஏலக்காய் வியாபாரி கைவிட்டதிலிருந்து இது ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் கழகம். சந்தா கிடையாது. வருஷத்தில் ஒரு நாள் கழகத்துக்காக உழைத்தவருக்கு ஒரு ஓட்டு. மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டாலும் சரி, சட்டை துவைத்தாலும் சரி, ஆட்டக்காரர்களுக்குச் சோறு பொங்கினாலும் சரி. பயிற்சியாளர் யார் என்பதிலிருந்து சட்டை நிறம் வரைக்கும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு.

உங்கள் எஸ்டேட்டிலிருந்து வரும் பெண்கள் இந்த வருஷம் என்ன வேலை எடுத்துக்கொள்வீர்கள்? கோல் வலை இரண்டுமே கிழிந்து தொங்குகின்றன. லீக் ஆட்டங்கள் பொங்கல் கழித்துத்தான், அவசரமில்லை. ஆனால் உங்கள் கால் அவசரம். எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், தடவுங்கள்.

உங்கள் அண்ணன் மகள்
தமிழினி


மலையிலிருந்து
11 ஆகஸ்ட்

ஆத்தா தமிழு,

நல்லா இருக்கியா? அண்ணன், மதினி எல்லாரும் சுகமா? எனக்கு ஒண்ணும் இல்ல. காலு வீக்கம் மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். தார்ப்பாயி இருக்கு, வேணாம்னு மதினிகிட்ட சொல்லு. எண்ணெய் வந்துச்சு.

செயலாளரா! கூட்டத்துல வாயத் தொறக்காதவளத் தேடிப் புடிச்சுப் போட்டிருக்காங்க. கெட்டிக்காரங்கதான். ஒனக்கு மால போட்டாங்களா? போடலைன்னா நான் ஒரு ஏலக்கா மால கட்டியாந்து போட்டிருப்பேன். ஆனா எஸ்டேட்டுக் காயில கை வச்சா அன்னைக்கே சோலி போயிரும்.

வலைய நாங்க பாத்துக்கிர்றோம். நயிலான் கயிறு மட்டும் கொண்டான்னு பிரபாகிட்ட சொல்லியிருக்கேன். சாயங்காலம் லயத்து வாசல்ல உக்காந்து முடிச்சுப் போட்டுருவோம். எங்கூடக் காயெடுக்கிற ஆயம்மாளுக்கு முடிச்சுப் போட நல்லா வரும். எங்க தோட்டத்து சேட்டன் ஒருத்தரு பாத்துட்டு, "எந்தா, மீன் பிடிக்கானோ?"ன்னாரு. "இல்ல சேட்டா, பந்து பிடிக்க"ன்னா இவ.

வாரம் பூரா ஏலச் செடிக்கு அடியில குனிஞ்சே கெடக்கோம். ஞாயித்துக்கெழம ஒரு நாளுதான் நிமிந்து தூரமா ஒண்ணப் பாக்குறது. அதனால செயலாளரம்மா, கோல் கம்பத்துக்குப் பின்னாடி எங்களுக்கு எடம் போட்டு வச்சிரு.

இங்க டவரு கெடைக்கணும்னா ரோட்டு வளைவு டீக்கடை வரைக்கும் நடக்கணும். அங்க நின்னு பேசுனா டீ குடிக்கிறவன் எல்லாம் காது குடுக்கான். அதுக்குக் காயிதமே தேவல. நம்ம ஜீப்புத்தான் தெனமும் ஆளேத்திட்டு ஏறி எறங்குது. எம்மகன் பிரபா ஒங்க வீட்டுல தட்டுல மிச்சம் வைக்காமச் சாப்பிடுறானா? கேட்டு எழுது.

இப்படிக்கு
ஒன் அத்தை சந்திரவல்லி


போடி
29 செப்டம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்கு இரண்டு நாள் சளி, இப்போது பரவாயில்லை. பிரபா தட்டில் மிச்சம் வைப்பதில்லை. அம்மாதான் அவன் போதும் என்று சொல்வதற்குள் இன்னொரு கரண்டி போட்டுவிடுகிறாள்.

வலைகள் வந்தன. சின்னமுத்து அண்ணன் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இதுல மாடே விழுந்தாலும் நிக்கும்" என்றார். கழகத்தின் சார்பில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிடுங்கள்.

பயிற்சி தொடங்கிவிட்டது. புதிதாக ஒரு பையன் வந்திருக்கிறான். பெயர் கார்முகில், ராசிங்காபுரம், கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறான். கோல் கீப்பர். கை நீளம். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

நேற்று பயிற்சியாளர் அழகுராஜா சார் இந்த வருஷ அணியைச் சொன்னார். கார்முகில் முதல் கீப்பர், இதுவரை கோலில் நின்ற பிரபா இரண்டாவது. காரணம் எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் சொல்வதில்லை, விசில் ஊதிவிட்டுப் போய்விடுவார். பிரபாவுக்கு வருத்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஓட வேண்டிய சுற்றுகளை ஓடி முடித்துவிட்டு, பந்துகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டினான்.

இதற்கு மேல் நான் எழுதுவது சரியாக இருக்காது அத்தை. செயலாளர் ஒரு பக்கமாக நிற்கக் கூடாது. தவிரவும் இந்தக் கடிதம் அவன் சட்டைப் பையில்தான் வரப்போகிறது. ஒட்டித்தான் கொடுக்கிறேன். ஆனாலும் யார் கையில் போகிறது என்பது எழுதும்போதே விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

மழைக்காலம், செருப்பில்லாமல் நடக்காதீர்கள். அட்டை கடிக்கும்.

அன்புடன்
தமிழினி


மலையிலிருந்து
20 அக்டோபர்

ஆத்தா தமிழு,

சொகமா? அண்ணனுக்குச் சளி போயிருச்சா? பதில் எழுத நாளாயிருச்சுன்னு கோவிச்சுக்கிறாத. காயெடுப்பு மும்முரம். விடிஞ்சதும் எறங்குனா இருட்டுறதுக்குத்தான் ஏறுறோம். இந்தத் தடவ காயி நல்லா தெரண்டு வந்திருக்கு. எனக்கும் தும்மல் இருந்துச்சு, கசாயம் வச்சுக் குடிச்சேன். மதினி குடுத்துவிட்ட மொச்ச நல்லா வெந்துச்சு.

நீ எழுதுனதப் படிச்சேன்.

கீழ இருக்கிறது ஆயம்மா சொல்லச் சொல்ல எழுதுறது. பக்கத்துல உக்காந்து நான் எழுதுறேனான்னு பாத்துக்கிட்டே இருக்கா. எழுத்து தெரியாட்டியும் வரி எத்தனைன்னு எண்ணுறா.

"செயலாளரம்மாவுக்கு ஆயம்மா சொல்றது என்னன்னா, வலை முடிஞ்சது நாங்க. அந்த வலைக்கு முன்னாடி நிக்கிறது யாருன்னு எங்களக் கேக்க வேணாமா? அஞ்சாறு வருஷமா எங்க பய நின்ன எடம். நேத்து வந்தவனக் கொண்டாந்து நிப்பாட்டிட்டு, இவனப் பந்து பொறுக்க விட்டா நாங்க பாத்துக்கிட்டு இருக்கணுமா? சட்டக் கலருக்கு ஓட்டு வச்சீகள்ல, இதுக்கும் வையிங்க. எங்க பய நிக்கலைன்னா நாங்க எதுக்கு அம்புட்டு வளைவையும் எறங்கி வரணும்? ஜீப்புல குலுங்குனதுக்கே மூணு நாளைக்கு இடுப்புப் புடிச்சுக்கிருது. ஓட்டு வையிங்க. அம்புட்டுத்தான்."

எங்க லயத்துச் சூர்யகலாவும் இதையேதான் சொல்றா. எல்லாரும் இதையேதான் சொல்றாக.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி முழுச்சிருந்து படிக்காத.

அத்தை


போடி
10 நவம்பர்

அன்புள்ள அத்தைக்கு,

தும்மல் நின்றதா? எங்கள் வீட்டில் எல்லோரும் சுகம். காயெடுப்புக்கு நடுவில் எழுதியதற்கு நன்றி.

ஆயம்மா அக்கா சொன்னதைக் கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். இடுப்பைப் பற்றிய வரியையும் விடவில்லை. ஒரே சிரிப்பு. பிறகு ஒரே சண்டை.

அழகுராஜா சார் எழுந்து, "கோடு போடுறது, வலை கட்டுறது, என்னை வேலைக்கு வைக்கிறது, எல்லாம் உங்க ஓட்டு. ஆடுற ஆளை நாந்தான் சொல்வேன்" என்றார்.

"சட்டைக்கு ஓட்டுப் போட்டோம் சார். சட்டைக்குள்ள இருக்கிற ஆளுக்குப் போடக் கூடாதா?" என்றார் சின்னமுத்து அண்ணன். அவருக்கு எதற்காவது ஓட்டு வைத்தால் சந்தோஷம்.

"நாளைக்குப் பெனால்டி கெடச்சா வலது பக்கம் அடிக்கவா, எடது பக்கம் அடிக்கவான்னு கூட்டம் போடுவீங்களா?"

பின்னாலிருந்து யாரோ, "போட்டா என்ன சார் தப்பு?" என்றார்கள்.

"தப்பில்ல. அப்ப விசிலையும் நீங்களே ஊதிக்கிருங்க" என்று விசிலைக் கழற்றி மேஜையில் வைத்தார். நான் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஆனால் உறுப்பினர்கள் கீப்பரைத் தேர்ந்தெடுப்பது என்று ஆகி, அதில் பிரபா பெயர் வந்தால், வேறு பயிற்சியாளரைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இந்த ஊரில் சம்பளம் கேட்காத வேறு பயிற்சியாளர் இல்லை.

கடைசியில், டிசம்பர் பதினைந்தாம் தேதி ஓட்டு என்று முடிவானது. பிரபாவா, கார்முகிலா. கீழே இருப்பவர்கள் மைதானத்தில் கை தூக்குவார்கள். நீங்கள் அன்று இறங்க முடியாது, காயெடுப்பு இருக்கும். மேலேயே போட்டு அனுப்புங்கள். எப்படி என்பதை உங்களிடம் விடுகிறேன்.

ஆக, மலை ஜெயித்தால் சார் இல்லை. மலை தோற்றால் கோல் கம்பத்துக்குப் பின்னால் நீங்கள் யாரும் இல்லை. இரண்டில் எதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று போன கடிதத்தில் எழுதவில்லை, அத்தை.

அன்புடன்
தமிழினி


மலையிலிருந்து
24 நவம்பர்

ஆத்தா தமிழு,

நலமா இரு. நாங்க இருக்கோம். பனி எறங்க ஆரம்பிச்சிருச்சு, காலையில கை வெறைக்குது.

ஓட்டு விசயம். சீட்டுல எழுதுனா யாரு கையெழுத்துன்னு தெரிஞ்சிரும். ஆயம்மாளுக்கு எழுதவும் வராது. அதனால மிளகுன்னு முடிவு பண்ணிட்டோம். லயத்து வாசல் முருங்கையில ஏத்திவிட்ட மிளகுக் கொடி எங்களுது, யாரும் கேக்க மாட்டாக. இப்பப் பச்சையும் இருக்கு, பழுத்துச் செவந்ததும் இருக்கு. பிரபாவுக்குன்னா பச்ச மிளகு, அந்தப் பயலுக்குன்னா பழுத்த மிளகு. ஆளுக்கு ஒரு மணி. கைய மூடிக்கிட்டே டப்பாவுக்குள்ள விட்டுப் போட்டுருவோம். யாரு எதப் போட்டாகன்னு சாமிக்கும் தெரியாது.

சனிக்கெழம சாயங்காலம் போடுவோம். ஞாயித்துக்கெழம விடிய பிரபா டப்பாவக் கொண்டாருவான். வந்த ஒடனே எண்ணிரு, நாளைக்குன்னு வைக்காத. மிளகு இருக்க இருக்கக் கறுக்கும்.

தன் ஓட்டத் தானே சொமந்துக்கிட்டு வர்றானேன்னு சூர்யகலா சிரிக்கா. மூடிய இறுக்கிக் கட்டி அனுப்புறேன்.

வேற என்ன. இங்க ஒரு பசு கன்னு போட்டுச்சு. சீம்பாலு குடுத்துவிடலாம்னா அதுக்குள்ள திரிஞ்சிரும்.

அத்தை


போடிமெட்டு டீக்கடை
16 டிசம்பர்

மதினி,

தமிழு மதினிக்குப் பிரபாகரன் எழுதுறது. நான் நல்லா இருக்கேன், மாமா அத்தைய பயப்பட வேணாம்னு சொல்லுங்க. நேத்து விடியக்காலையில மண்ணு சரிஞ்சு ரோடு அடைச்சிருச்சு. ஜீப்ப இங்கயே போட்டுருக்கேன். எப்பத் தொறப்பாங்கன்னு தெரியல. நடந்து எறங்குற ஆளுகிட்ட இதக் குடுத்து விடுறேன். போன்ல பேசலாம், ஆனா டீக்கடை பூரா நம்ம டிரைவருங்க, ஒவ்வொருத்தனுக்கும் காது இம்புட்டு நீளம்.

டப்பா சீட்டுக்கு அடியில பத்தரமா இருக்கு. தொறக்கல.

மதினி, நான் அன்னைக்கு ஒங்ககிட்டச் சொன்னதுதான். கார்முகில நிப்பாட்டுங்கன்னு சார்கிட்டப் போயிக் கேட்டதே நாந்தான். அவன் என்னையவிட நல்லாப் புடிக்கிறான். பந்து கெளம்புறதுக்கு முன்னாடியே அவன் நகந்துர்றான், நான் வந்ததுக்கப்புறம்தான் பாக்குறேன். அத ஒத்துக்கிர்றதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நான் நிக்கலைன்னா அம்மா எறங்கி வராது. அது வரலைன்னா ஆயம்மா அத்தையும் மத்தவங்களும் வர மாட்டாங்க. அவங்களுக்கு இருக்கிறது அந்த ஒரு நாளுதான். நானாத்தான் வெலகுனேன்னு தெரிஞ்சா அம்மா ஒடஞ்சு போயிரும்.

ஓட்டுல பச்ச மிளகு ஜாஸ்தியா இருந்தா என்ன செய்யிறது? யோசிச்சுச் சொல்லுங்க. நீங்கதான் அம்புட்டுப் படிக்கிறீங்களே.

அம்மாவுக்கு எழுதீராதீங்க. சத்தியம் பண்ணியிருக்கீங்க.

பிரபா


போடி
22 டிசம்பர்
(ஜீப்பில்)

அன்புள்ள அத்தைக்கு,

மழையில் லயத்துக்கு எதுவும் ஆகவில்லையே? பிரபா நேற்று பத்திரமாக இறங்கிவிட்டான். அம்மா அவனைத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்க வைத்தாள்.

செயலாளராக ஒரு வருத்தமான அறிவிப்பு. டப்பாவைத் தலைவர் முன்னிலையில் திறந்தோம். எல்லா மிளகும் கறுப்பு. பச்சை எது, பழுத்தது எது என்று வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம், நகத்தால் சுரண்டிப் பார்த்தோம். சின்னமுத்து அண்ணன் ஒன்றைக் கடித்தே பார்த்துவிட்டு, "காரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதாம்மா" என்றார்.

கீழே தூக்கிய கைகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். மலை ஓட்டை விட்டுவிட்டு முடிவு சொல்லலாம் என்றார் தலைவர். மலையும் கழகம்தான், அது இல்லாமல் முடிவை எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இவ்வளவு சத்தமாக நான் பேசி நானே கேட்டதில்லை. ஆகவே மறுபடியும் ஓட்டு வைக்க வேண்டியிருக்கும். தேதி பிறகு எழுதுகிறேன்.

செல்லாத ஓட்டுகளை வீட்டில் வைத்திருந்தேன். அம்மா பார்க்காமல் எடுத்து ரசம் வைத்துவிட்டாள். நன்றாக இருந்தது.

தமிழினி


போடி
23 டிசம்பர்
(தபாலில்)

அன்புள்ள அத்தைக்கு,

நேற்றுத்தான் எழுதினேன். இன்று மறுபடியும், அதுவும் தபாலில், என்றதும் பயந்துவிடாதீர்கள். எல்லோரும் சுகம். ஸ்டாம்பு ஒட்டி எழுதி வெகு காலமாகிவிட்டது. ஜீப்பில் அனுப்ப முடியாத கடிதம் இது, அவ்வளவுதான்.

ஒருவர் என்னிடம் ஒன்றைச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். நான் அதை மீற மாட்டேன். இந்தக் கடிதத்திலும் மீறவில்லை. அதனால் எதையும் சொல்லாமல், ஒன்றே ஒன்று கேட்கிறேன்.

கோல் கம்பத்துக்கு நடுவில் பிரபா இல்லாவிட்டால், நீங்கள் ஆட்டம் பார்க்க வருவீர்களா?

ஆயம்மா அக்கா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது உங்களை. இத்தனை கடிதத்திலும் இதைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. கோபமாக இருந்தால் கோபம் என்று எழுதுங்கள். நான் உங்கள் அண்ணன் மகளாகத்தான் கேட்கிறேன், செயலாளராக இல்லை.

உடனே பதில் வேண்டும் என்றில்லை. ஆனால் தபாலிலேயே எழுதுங்கள்.

அன்புடன்
தமிழினி


மலையிலிருந்து
8 ஜனவரி 2025
(தபாலில்)

ஆத்தா தமிழு,

சொகமா இருக்கியா? ஒன் காயிதம் எஸ்டேட்டு ஆபீசுல கெடந்து கைக்கு வந்துச்சு. வந்தும் எழுத மனசு வரல. மூணு தடவ எழுதி அடுப்புல போட்டேன்.

நீ சத்தியத்த மீற வேணாம். யாரு சொன்னா, என்ன சொன்னான்னு நான் கேக்கல. பெத்தவளுக்குத் தெரியாதா? ஜீப்ப வளைவுல திருப்புறப்ப அவன் மூஞ்சியப் பாத்திருக்கியா? பாட்டுப் பாடிக்கிட்டே திருப்புவான். அந்தக் கம்பத்துக்கு நடுவுல நிக்கிறப்ப அந்த மூஞ்சி இருக்காது. போன வருசமே பாத்துட்டேன். எனக்காகத்தான் நிக்கிறான்னு தெரியும். போதும்டான்னு சொல்லணும். ஆனா நான் போதும்னு சொன்னா, நீ சரியா ஆடலடான்னு ஆத்தாளே சொன்னதாயிருமே. அதான் வாய மூடிக்கிட்டேன். அவன் கையிலயே காயிதத்தக் குடுத்துவிட்டு அதுல என்னத்த எழுதச் சொல்ற?

அவன் பேரு ரெண்டாவதுன்னு நீ எழுதுனப்ப எனக்கு ஒரு நிம்மதி. ஆயம்மா சண்டைக்கு நின்னது எனக்காகத்தான். நான் மனசு ஒடஞ்சு கெடக்கேன்னு அவளா நெனச்சுக்கிட்டா. இல்லடின்னு எப்படிச் சொல்ல? மகன ஒக்கார வச்சதுக்கு ஆத்தா சந்தோசப்பட்டான்னு ஊரே சிரிக்கும்.

மிளகு கறுத்தது நல்லதாப் போச்சு. நான் எதப் போட்டேன்னு கேக்காத.

மறுபடி ஓட்டெல்லாம் வேணாம். ஆயம்மாகிட்ட நேத்துப் பேசிட்டேன். "எம்மகனுக்காக நீ மல்லுக்கட்டாத. அவனுக்கு வேணும்னா அவன் கேப்பான்"னேன். "அவன் வாயத் தொறந்து கேக்க மாட்டானே"ங்கிறா. "அதத்தாண்டி நானும் சொல்றேன்"னேன். அப்புறம் போயி வெறகு பொறுக்குனா.

மலையில கேட்ட ஓட்ட நாங்களே வாபஸ் வாங்கிக்கிர்றோம்னு எழுதிக்க. ஆனா ஒண்ணு. எப்பப் பாத்தாலும் கூட்டத்தக் கீழயே வச்சா நாங்க எப்படி வர்றது? அதுக்கு ஒரு வழி பண்ணு.

நீ கேட்டதுக்குப் பதிலு: தெரியல ஆத்தா. நான் வருவேன். மத்தவுக வருவாகளான்னு எனக்குத் தெரியல. கேக்கப் பயமா இருக்கு.

அத்தை


போடி
13 ஜனவரி
(ஜீப்பில்)

அன்புள்ள அத்தைக்கு,

பொங்கல் வாழ்த்துகள். கரும்பும் மஞ்சள் கொத்தும் அனுப்பியிருக்கிறோம். உங்கள் உடம்பும் மனசும் சுகம்தானே?

கழகச் செய்தி மட்டும் எழுதுகிறேன். மலை உறுப்பினர்கள் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதைக் கூட்டத்தில் சொன்னேன். பிறகு புதிய விதி ஒன்று போட்டோம். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நடப்பது எல்லாம் உறுப்பினர்களின் ஓட்டு, கோட்டுக்கு உள்ளே பயிற்சியாளர். அழகுராஜா சார் சிரித்து நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

இரண்டாவது விதி, இனி ஒன்று விட்டு ஒரு கூட்டம் மலையில்.

"மலைக்கா? எனக்கு வளைவுல வாந்தி வருமேம்மா" என்றார் சின்னமுத்து அண்ணன்.

"எலுமிச்சம்பழம் வாங்கித் தர்றேன், மோந்துக்கிட்டே வாங்க" என்றார் சார்.

முதல் ஆட்டம் 26ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, நம் மைதானத்தில். கார்முகில் கீப்பர். கோல் கம்பத்துக்குப் பின்னால் உங்களுக்கு இடம் போட்டு வைத்திருப்பேன். எவ்வளவு இடம் என்று தெரியாததால் முழுவதையும் வைத்திருக்கிறேன்.

பிரபா வழக்கம்போல ஜீப்பைக் கொண்டுவருவான். நேற்று அவனே ஜீப்பைக் கழுவினான். நிறையப் பேர் வருவார்களா என்று என்னிடம் கேட்டான். எனக்கும் தெரியாது என்றேன்.

அன்புடன்
தமிழினி


மலையிலிருந்து
27 ஜனவரி

ஆத்தா தமிழு,

நல்லபடியா வந்து சேந்தோம். ஒனக்குத் தொண்ட கட்டிக்கிட்டது சரியாயிருச்சா? சுக்கு வச்சுக் குடி. நீ அப்படிக் கத்துவன்னு நான் நெனைக்கல. மதினிகிட்ட சொல்லு, அவ நம்ப மாட்டா.

நேத்து ஆட்டம் பாக்க வந்த கூட்டத்துல ஒங்கிட்ட நின்னு பேச முடியல, அதான் எழுதுறேன். காலையில ஜீப்பு வந்து நின்னப்ப நான் மட்டுந்தான் வாசல்ல நின்னேன். பிரபா எம்மூஞ்சியப் பாத்தான், நான் அவன் மூஞ்சியப் பாத்தேன். முன்னாடி ஏறி ஒக்காந்துட்டேன். அவன் சாவியப் போட்டுட்டான். அப்பத்தான் ஆயம்மா, "ஏய் பயலே, நில்லுடா! சீல மாத்த வேணாமா?"ன்னு கத்திக்கிட்டு வர்றா. அவ பின்னாடி அம்புட்டுப் பேரும். எடம் பத்தாம சூர்யகலா அடுத்த எஸ்டேட்டு ஜீப்பையும் கூப்பிட்டுட்டா. அதத்தான் நீ பாத்த.

பிரபா எங்க கூடவே வலைக்குப் பின்னாடி ஒக்காந்தான். இத்தன வருசமாப் பந்து நம்ம பக்கம் வந்தாலே நான் தலையக் குனிஞ்சுக்கிருவேன். எல்லாரும் கத்துறத வச்சுத்தான் கோலா இல்லையான்னு தெரிஞ்சுக்கிர்றது. நேத்துத்தான் கண்ணத் தொறந்து முழுசாப் பாத்தேன். ஆட்டம் இப்படித்தான் இருக்கும்னு யாருமே சொல்லலையே ஆத்தா!

பிரபா சும்மா இருக்கான்னு நெனைக்கியா? "கார்முகிலு, வெளிய வாடா! எடது பக்கம் பாருடா!"ன்னு வலையப் புடிச்சுக்கிட்டு ஒரே கத்தல். ஆயம்மாளுக்குப் பொறுக்கல. அவன் தோளப் புடிச்சு அமுக்கி, "நீ சும்மா ஒக்காருடா. எங்க பயலுக்குத் தெரியும்"ங்கிறா. எங்க பயலாம்! பிரபா என்னையப் பாத்துச் சிரிச்சான் பாரு, வயிறு வலிக்கிற அளவுக்கு. நானும் சிரிச்சேன். அதுக்குள்ள ஒரு பந்து வந்துருச்சு, அந்தப் பய பாஞ்சு புடிச்சுட்டான். ரெண்டு பேரும் பாக்காம விட்டுட்டோம்.

அண்ணனையும் மதினியையும் கேட்டதாச் சொல்லு. அடுத்த ஆட்டம் என்னைக்குன்னு வெரசா எழுது. அன்னைக்கு பிரபாவுக்கு வேற சவாரி இருந்தா அவன் போகட்டும். நாங்க வேற ஜீப்பு பாத்துக்கிர்றோம்.

இப்படிக்கு
ஒன் அத்தை